12 அடிக் கம்பம், 16 நாடா

போன அக்டோபரில் பள்ளி மைதானத்தில் அந்த வருஷத்துக்குக் கடைசியாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் பிளேடு எதன் மேலோ மோதி ‘டங்’ என்றது. குனிந்து பார்த்தால் துருப்பிடித்த பெயின்ட் டப்பா மூடி. நெம்பி எடுத்தேன். கீழே ஒரு குழி, குழிக்குள் ஒரு சாண் தண்ணீர், தண்ணீரில் ஒரு தவளை. யாரைக் கேட்டாலும் அது எதற்கான குழி என்று தெரியவில்லை. பள்ளிச் சமையலறையில் உதவிக்கு வரும் பாட்டி ஒருவர்தான் கடைசியில் சொன்னார். அது மேபோல் என்ற ஆட்டக் கம்பம் நடுகிற குழி. அதைத் தோண்டியவருடைய பெண் எட்டாம் வகுப்பு முடித்ததும் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. குழியின் கதையும் அவர்களோடு போய்விட்டது.

எங்கள் பள்ளி நியூ ஹாம்ப்ஷயரின் தென்மேற்கு மூலையில், மொனாட்நாக் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் இருக்கிறது. சின்ன வால்டார்ஃப் பள்ளி, தொண்ணூறு பிள்ளைகள். என் மகள் நான்காம் வகுப்பு. இந்தப் பள்ளிகளின் கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் எமில் மோல்ட் என்ற சிகரெட் ஆலை முதலாளி, தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தித் தரும்படி ருடால்ஃப் ஸ்டெய்னர் என்ற ஆஸ்திரியத் தத்துவ அறிஞரைக் கேட்டார். ஆலையின் பெயர் வால்டார்ஃப் அஸ்டோரியா, அதுவே பள்ளிக்கும் ஒட்டிக்கொண்டது. சிகரெட் கம்பெனியின் பெயரைச் சுமக்கும் பள்ளியில் பிளாஸ்டிக் பொம்மைக்குக்கூட இடமில்லை என்பதை நினைத்து நான் அவ்வப்போது சிரித்துக்கொள்வேன்.

நடைமுறையில் என்னவென்றால், இங்கே தோட்டக்காரரோ எலக்ட்ரீஷியனோ கிடையாது. கட்டணம் அதிகம், அரசுப் பள்ளியும் இல்லை, ஆகவே பெற்றோர்தான் ஆள்பலம். பனி உருகி சேறு மண்டும் மார்ச்சில், ‘வசந்தத்துக்கு யார் யார் என்னென்ன’ என்று ஒரு தாள் வாசலில் ஒட்டுவார்கள். கோழிக்கூடு வேலி, மேப்பிள் சாறு காய்ச்ச விறகு, ஐந்தாம் வகுப்பின் கிரேக்க விளையாட்டுகளுக்கு ஈட்டி, வட்டு. கடைசி வரி ‘மேபோல்?’ கேள்விக்குறியோடு. குழியைக் கண்டுபிடித்த குற்றத்துக்காக அதில் என் பெயரை யாரோ எழுதியிருந்தார்கள்.

மேபோல் என்றால் மே மாதத் தொடக்கத்தில் நடும் கம்பம். உச்சியிலிருந்து நாடாக்கள் தொங்கும். ஆளுக்கொரு நாடாவைப் பிடித்துக்கொண்டு பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும், ஒருவருக்கு மேலே, அடுத்தவருக்குக் கீழே என்று புகுந்து புகுந்து ஆடினால் கம்பத்தின் மேல் பின்னல் இறங்கிக்கொண்டே வரும். பிறகு அப்படியே திரும்பி ஆடினால் அவிழும். விளக்கத்தைக் கேட்டதும் நான் சொன்னது, “இது எங்கள் பின்னல் கோலாட்டம்.” நம்முடையதில் கயிறு மேலே வளையத்திலிருந்து தொங்கும், பின்னல் அந்தரத்தில் சடையாக இறங்கும், இன்னொரு கையில் கோல் இருக்கும். இவர்களுடையதில் நடுவில் கம்பம், அதற்குச் சட்டை போட்டதுபோல் பின்னல். ஆடுகிற கணக்கு ஒன்றுதான். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பின்னல் கோலாட்டம் வைக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு நான் பட்ட பாடு உதவட்டும் என்றுதான் இதைத் தமிழிலும் எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தில் மேபோலுக்குப் பழைய வம்பு ஒன்று உண்டு. 1627இல் தாமஸ் மார்ட்டன் என்பவர், இன்று மாசசூசெட்ஸின் குவின்சி இருக்கும் இடத்தில், மான்கொம்பு ஆணியடித்த 80 அடி பைன் மரத்தை நட்டு, குடியும் கூத்துமாக மே கொண்டாடினார். கடுமையான கிறிஸ்தவ ஒழுக்கம் பேசிய பியூரிட்டன்களுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருஷம் அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஜான் எண்டிகாட் ஆட்களோடு வந்து அதை வெட்டிச் சாய்த்தார். அந்தக் கம்பத்தில் பின்னும் நாடா இருந்திருக்காது. நாடாப் பின்னல் ஆட்டம் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். நான் நட வேண்டியது 80 அடி இல்லை, 12 அடி. யாரும் கோடரியோடு வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வேலையைத் தொடங்கினேன்.

பழைய கம்பம் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடிப்பாகத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இரண்டு அங்குலம் இறங்கியது. காரணம் அந்தக் குழிதான். சுற்றிலும், அடியிலும் கான்கிரீட் பூசி வாளிபோலச் செய்திருந்தார்கள். தண்ணீர் போக வழியில்லை. கம்பத்தை வருஷம் முழுக்க அதிலேயே விட்டிருக்கிறார்கள். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஈரத்தில் நிற்காது. தவளைக்கு நல்ல வீடு, மரத்துக்கு இல்லை.

ஆகவே முதல் முடிவு: தண்ணீர் வடிகிற குழி, கழற்றி எடுக்கிற கம்பம்.

மார்ச்சில் தோண்ட முடியாது, மேலே சேறு, ஒரு முழம் கீழே இன்னும் உறைந்த மண். ஏப்ரல் நடு வரை காத்திருந்தேன். தோண்டுவதற்கு முன்னால் 811க்கு போன் செய்தேன். இது அமெரிக்காவில் கட்டாயம், இலவசம். நிலத்தடி கேஸ், கரன்ட் வயர் எங்கே போகிறது என்று வந்து கொடி நட்டுக் காட்டுவார்கள். எங்கள் மைதானத்தில் ஒன்றும் இல்லை.

கல் மட்டும் இருந்தது. நியூ ஹாம்ப்ஷயருக்குப் பட்டப்பெயரே கிரானைட் மாநிலம். முதல் இடத்தில் 20 அங்குலத்தில் கடப்பாரை ‘ணங்’ என்றது. சுற்றிச் சுற்றி விளிம்பு தேடினேன். ஆட்டுக்கல் என்று நினைத்தது அம்பாசடர் கார் அளவு போய்க்கொண்டே இருந்தது. மூடிவிட்டு ஐந்து அடி கிழக்கே தள்ளி மறுபடி தோண்டினேன். அங்கே மூன்றரை அடி இறங்கியதும் மறுபடி ‘ணங்’. இந்த ஊரில் பனி நான்கு அடி ஆழம் வரை மண்ணை உறைய வைக்கும் என்று கணக்கு. அதற்குக் கீழே அடித்தளம் போனால்தான் குளிர்காலத்தில் மண் உப்பி அதை மேலே தள்ளாது. அரை அடி குறைகிறது. முதுகு வலியில் மூன்றரை போதும் என்று தீர்மானித்தேன். வீடு கட்டினால் செய்ய மாட்டேன். கம்பத்துக்குச் செய்தேன்.

அதே சனிக்கிழமை இருபது அடி தள்ளித் தோட்ட ஆசிரியையும் தோண்டிக்கொண்டிருந்தார். இலையுதிர் காலத்தில் சாணம் அடைத்துப் புதைத்த பசுக்கொம்புகளை வசந்தத்தில் எடுக்கிறார்கள். 1924இல் ஸ்டெய்னர் விவசாயிகளுக்கு ஆற்றிய உரைகளில் வருகிற முறை. கொம்புக்குள் சாணம் வாசனை போய்க் கறுப்பு மண்போல ஆகியிருந்தது. அதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் வலமும் இடமும் மாற்றி மாற்றிக் கலக்கி நிலத்தில் தெளிக்க வேண்டும். விண்வெளிச் சக்தி கொம்பு வழியாக இறங்குகிறது என்பதை நான் நம்பவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சாணத்தை முகம் சுளிக்காமல் முகர்ந்து பார்த்துவிட்டு முறை வைத்துக் கலக்கியதைப் பார்த்தேன். பஞ்சகவ்யம் கலக்குகிற ஊரிலிருந்து வந்தவன், வாயை மூடிக்கொண்டு நானும் பத்து நிமிஷம் கலக்கினேன்.

குழிக்கு வருகிறேன். அகலம் ஒரு அடி. அடியில் ஆறு அங்குலம் ஜல்லி. அதன் மேல் 6 அங்குலப் பிவிசி குழாய், 3 அடி நீளம், அடி திறந்தே இருக்கும், தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கிவிடும். குழாயைச் சுற்றிலும் பொடி ஜல்லியை நாலு நாலு அங்குலமாகப் போட்டுக் கட்டையால் இடித்தேன். ஒவ்வொரு அடுக்குக்கும் ரசமட்டம் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை சோம்பலில் விட்டேன், குழாய் சாய்ந்துவிட்டது, எல்லாவற்றையும் வாரி மறுபடி. குழாயில் அரை அங்குலச் சாய்வு இருந்தால் 12 அடி உயரத்தில் அது இரண்டு அங்குலம். குழாயின் வாய் புல்தரைக்குக் கால் அங்குலம் கீழே. மேலே திருகு மூடி. இனி பிளேடு மோதாது.

இவ்வளவு பெரிய பிளாஸ்டிக் குழாயை யாரும் கேள்வி கேட்கவில்லை. மண்ணுக்குள் போய்விடுகிறதே. நாடாவுக்கு நைலான் சாட்டின் ரிப்பன் வாங்கலாம் என்று நான் சொன்னபோது மட்டும் கைவேலை ஆசிரியை என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

கம்பத்துக்கு மரம், சொந்தக் காடு வைத்திருக்கும் ஓர் அப்பா கொடுத்தது. பிப்ரவரியில் வெட்டிய ஸ்ப்ரூஸ், 15 அடி. அடியில் 5½ அங்குலம், நுனியில் 3½. மூன்று அடி குழாய்க்குள் போனால் வெளியே 12. எடை சுமார் 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. பட்டை உரிப்பதுதான் பெரும்பாடு. வசந்தம் முற்றிச் சாறு ஏறிய பின் வெட்டிய மரத்தில் பட்டை வாழைப்பழத் தோல்போல வரும். குளிர்காலத்தில் வெட்டியதில் ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கும். இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துச் சீவும் டிரா நைஃப் கத்தியை மரவேலை ஆசிரியர் கொடுத்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், கைக்கு இரண்டு இரண்டு நிமிஷம் என்று சீவினார்கள். எனக்கு உள்ளூரப் பயம். அந்தக் கத்தியில் இரண்டு கையும் பிடியில் இருப்பதால் விரல் வெட்டுப்படுவது சிரமம் என்று ஆசிரியர் சொன்னது உண்மைதான், ஒரு கீறல்கூட இல்லை. மூன்று நாள் மதியப் பாடவேளை போயிற்று. சீவலைத் தோட்டப் பாதையில் சேற்றுக்கு மேல் கொட்டிவிட்டோம்.

மேலே ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். வேலிமேல் விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

இனி உச்சி. இங்கேதான் என் புத்திசாலித்தனம் என்னைக் கவிழ்த்தது. பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றை உச்சியில் படுக்க வைத்துப் பொருத்தினால், ஸ்போக் துளைகளில் நாடா கட்டலாம், பேரிங் இருப்பதால் சுற்றவும் செய்யும், சிக்காது என்று நினைத்தேன். ஏப்ரல் கடைசியில் எட்டுப் பெற்றோர் பழைய கயிறுகளை வைத்து ஒத்திகை பார்த்தோம். இரண்டு கோளாறு. ஒன்று, சக்கரம் 26 அங்குல விட்டம், கம்பமோ நுனியில் மூன்றரை. பின்னல் கம்பத்தில் உட்காராமல் சக்கரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே கூடாரம்போல் தொங்கியது. இரண்டாவது, யாராவது கொஞ்சம் பலமாக இழுத்தால் சக்கரம் அவர் பக்கம் திரும்பிவிடும், பின்னிய இடம் அங்கேயே நிற்கும், இரண்டுக்கும் நடுவில் கயிறெல்லாம் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கினது அவிழவே இல்லை. ஏணி வைத்து ஏறிக் கையால் பிரித்தேன். பெற்றோர் எட்டுப் பேரும் மிகவும் நாகரிகமாகச் சிரிக்காமல் நின்றார்கள்.

உச்சி சுற்றக் கூடாது. கம்பமும் உச்சியும் ஒரே கட்டையாக இறுகி நிற்க வேண்டும், ஆடுகிறவர்கள்தான் சுற்ற வேண்டும்.

சக்கரத்தை எடுத்துவிட்டு ஒரு அங்குலத் தடிமனுள்ள மேப்பிள் பலகையில் 8 அங்குல வட்டு வெட்டினேன். விளிம்பை ஒட்டி 16 துளை. பதினாறாகப் பிரிக்க நான் கோணமானியைத் தேடிக்கொண்டிருந்தபோது, நான்காம் வகுப்பு ஆசிரியை, “எங்களிடம் விடுங்கள், பின்னம் நடத்திக்கொண்டிருக்கிறேன்” என்றார். பிள்ளைகள் வட்டக் காகிதத்தைப் பாதி, கால், அரைக்கால், வீசம் என்று நான்கு மடிப்பு மடித்துப் பிரித்துக் கொடுத்தார்கள். என் மகளுக்கு அரைக்கால், வீசம் என்ற வார்த்தைகளை அன்றைக்குத்தான் சொன்னேன். எட்டில் ஒன்றை ‘பாதிக் காலா’ என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

வட்டை நுனியில் பொருத்தும்போது கவனம். மரத்தின் வெட்டுமுகத்தில் ஸ்க்ரூ பிடிப்பு குறைவு, நார் நீளவாக்கில் இருப்பதால் உருவிக்கொண்டு வரும். லாக் ஸ்க்ரூ என்கிற தடித்த 8 அங்குல ஸ்க்ரூ ஒன்று நடுவில், வட்டு திரும்பாமலிருக்க ஓரங்களில் இரண்டு சின்னது. நுனி பிளக்காமல் இருக்க ஒரு இரும்புப் பட்டைக் கிளாம்ப். ஒவ்வொரு நாடாவின் தலையிலும் ஒரு காது தைத்து, துளை வழியாக மேலே எடுத்து, காதுக்குள் ஒரு மரக்குச்சி செருகினால் இறங்காது. குச்சிகளைப் பிள்ளைகளே செதுக்கினார்கள். பதினாறு போதும், முப்பது வந்தது.

நாடா கணக்கு: கம்ப உயரத்தில் ஒன்றரை மடங்கு. 12 அடிக்கு 18 அடி நாடா. எண்ணிக்கை கட்டாயம் இரட்டைப்படை. 18 அடி நாடாவைக் கை உயரத்தில் பிடித்தால் ஆடுகிற வட்டத்தின் ஆரம் சுமார் 15 அடி வரும், அவ்வளவு இடம் சமதளமாக வேண்டும். துணிக்கு வெளுக்காத காடா, 45 அங்குல அகலம். 2¾ அங்குலமாக நீளவாக்கில் கிழித்தால் சரியாகப் பதினாறு பட்டை. இரண்டு ஓரமும் மடித்துத் தைத்தால் 2 அங்குல நாடா. தைக்காமல் விட்டால் பிசிறு ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு, அவிழ்க்கும்போது உயிரை எடுக்கும். ஆறரை கெஜம் வாங்கி, முதலில் கொதிநீரில் வாஷிங் சோடா போட்டு அலசினோம். அலசாமல் அளந்தால் சாயத் தொட்டியில் சுருங்கி மோசம் போவீர்கள்.

சாயம் போட்டது ஒரு சனிக்கிழமை, பள்ளிச் சமையலறையின் பின்வாசலில், நான்கு பெரிய பாத்திரம். படிகாரத்தில் ஊறவைத்த துணி. வெங்காயச் சருகில் பொன்னிறம், மஞ்சிட்டி இனத்து வேரில் செங்கல் சிவப்பு, அவுரியில் நீலம், நான்காவது மஞ்சள். வெங்காயச் சருகு குளிர்காலம் முழுக்க எல்லா வீட்டிலிருந்தும் சேர்த்தது. 200 கிராம் சருகு எவ்வளவு பெரிய மூட்டை என்று சேர்த்தால்தான் தெரியும். வேர்ச் சாயத்தைக் கொதிக்க விடக் கூடாது, சிவப்பு பழுப்பாகிவிடும். நான்காவது நிறத்துக்கு, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கொண்டுவந்த மஞ்சள்தூளை நான்தான் பெருமையாக நீட்டினேன்.

அவுரிச் சட்டியில் சுண்ணாம்பும் பழச்சர்க்கரையும் சேர்த்திருந்தோம். துணியை முக்கி எடுத்தால் முதலில் பச்சையாக வரும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். பிள்ளைகள் கூச்சல். அதே கையோடு ஒரு பையன் ஓடிப்போய் மஞ்சள் நாடாவைத் தொட்டுவிட்டான். பளிச்சென்று இரத்தச் சிவப்பில் ஐந்து விரல். கைவேலை ஆசிரியை தலையில் கை வைத்துவிட்டார். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் அசரவில்லை.

“ஏய்யா, சுண்ணாம்பு பட்டா மஞ்ச செவக்கத்தான செய்யும்? ஆரத்தி கரைச்சதே இல்லையா இவுக? கொஞ்சம் புளிப்பு எதையாவது ஊத்து.”

வினிகர் ஊற்றினோம். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. அந்தப் பையன் வேண்டுமென்றே மறுபடி தொட்டான். ஏழாம் வகுப்பு ஆசிரியர் மிச்ச மஞ்சள்தூளைக் கேட்டு வாங்கிப் போனார். அவர் வகுப்பில் வேதியியல் தொடக்கம், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு நீற்றுவதும் அமிலமும் காரமும்தான் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அம்மாவை அழைத்து ஆரத்தி கரைத்துக் காட்டச் சொன்னார்கள். வேட்டி கட்டிக்கொண்டு நான் நிற்க வேண்டியிருந்தது, அந்தப் படத்தைக் கேட்காதீர்கள்.

ஆனால் சாயமாக மஞ்சள் தோல்விதான். வெயிலில் ஒரு வாரம் காய்ந்ததும் நான்கு நாடாவும் வெளிறிப் பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டன. அடுத்த வருஷத்துக்காக மூன்றாம் வகுப்பு ஜன்னலோரத் தொட்டிகளில் செண்டுமல்லி விதை போட்டிருக்கிறது. அந்தப் பூவின் மஞ்சள் இதைவிட நிற்கும்.

ஆட்டத்துக்கு நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து பதினாறு பேர். முதல் வாரம் நாடா இல்லாமல், எதிரே வருகிறவருக்கு வலது தோள், அடுத்தவருக்கு இடது தோள் என்று நடை மட்டும். நான்காம் வகுப்பில் ஏற்கெனவே பின்னல் கோடுகள் வரைந்திருந்தார்கள், ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே என்று போகும் முடிச்சு உருவங்கள். அம்மா அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சிக்குக் கோலம், புள்ளி இல்லாம” என்றாள். நாடாவைக் கையில் கொடுத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. இரண்டாவது சுற்றிலேயே சிக்கல். ஆசிரியை நிறுத்தி, யார் தப்பு என்று கேட்டார். மற்ற எல்லோரும் ஒரு சிவப்புச் சட்டைப் பையனைக் காட்டினார்கள். அவன் உதடு துடித்தது.

அம்மா எழுந்து போனாள். கோவில்பட்டிப் பள்ளியில் சின்ன வயதில் பின்னல் கோலாட்டம் ஆடியவள். கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“அந்தப் பையன் இல்லையா. அந்த ஒரு நீலத்துக்கு ரெண்டு தடவ அடுத்தடுத்து மேல போயிருக்கு பாரு. அந்த நீலம் யாரு கையில?”

அந்த நீலம் இருந்தது என் மகள் கையில்.

“ஆளப் பாக்காத, பின்னலப் பாரு. அது சொல்லும்” என்றாள். பிறகு ஆசிரியைக்கு விளங்கவைக்கப் பேத்தியின் தலைமுடியைப் பிரித்து நான்கு காலாக்கி, ஒரு தப்பு போட்டுப் பின்னி, வந்த வழியே பின்னால் போய் அவிழ்த்துக் காட்டினாள். மொழிபெயர்க்க எனக்கு வேலையே இல்லை. அன்றிலிருந்து ஒத்திகையில் ஒரு புதுச் சட்டம்: தப்பு நடந்தால் யாரும் நாடாவை விட்டுவிட்டு ஓடக் கூடாது, அப்படியே நின்று, பின்னோக்கி அடி அடியாக நடந்து தப்பு வரைக்கும் போக வேண்டும். கடைசி ஒத்திகையில் இரண்டு தடவை அப்படிப் போனார்கள், இரண்டும் அவிழ்ந்தது.

மே முதல் சனி. காலையில் 4 டிகிரி. கம்பத்தை நிறுத்தியது ஆறு பேர்: அடியைக் குழாய் வாயில் வைத்து ஒருவர் காலால் அழுத்த, இரண்டு பேர் தோளால் தூக்கிக்கொண்டே முன்னால் நடக்க, மூன்று திசையில் மூன்று பேர் கயிறு பிடித்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் வேலிக்கு அப்பால். குழாய்க்கும் கம்பத்துக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி, நான்கு ஓக் மர ஆப்பு இறக்கி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து இறுக்கினோம். நாடாக்களைக் கம்பம் படுத்திருக்கும்போதே மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏணிதான்.

தலைக்கெல்லாம் டாண்டிலியன், டாஃபடில் பூவளையம். இந்தப் பகுதியில் எதிரெதிர் வரிசையில் நின்று ஆடும் கான்ட்ரா நடனம் பிரபலம், வயலின் வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் வந்து பிள்ளைகளின் காலைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைத்து வாசித்தார். கறுப்பு ஈக்கள் அந்த வருஷத்துக்கு முதல் வரவாகக் காதோரம் கடித்தன. இரண்டு கையிலும் நாடா பிடித்த பிள்ளைகளால் ஈ ஓட்ட முடியாது, முகத்தைக் கோணிக்கொண்டே ஆடினார்கள். பின்னல் தலையிலிருந்து ஐந்தடி வரை சாய்சதுரம் சாய்சதுரமாக இறங்கியது. இடையில் ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தது. யாரும் நிறுத்தவில்லை, அம்மா மட்டும் உச்சுக்கொட்டினாள்.

அவிழ்க்கிற ஆட்டம் தொடங்கும்போது தூறல். நனைந்த பருத்தி கம்பத்தை இறுகக் கவ்விக்கொண்டது. பாதி அவிழ்ந்ததும் நின்றுவிட்டது. பிள்ளைகளைச் சூப் குடிக்க அனுப்பிவிட்டு, மறுநாள் வெயில் வந்த பிறகு நானும் மூன்று அப்பாக்களும், எங்களில் யாருக்கும் அந்த ஆட்டம் தெரியாது, நாடா பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து மிச்சத்தை அவிழ்த்தோம். அவுரி ஈரத்தில் கம்பத்தில் இறங்கி நீலச் சாய்சதுரங்கள் படிந்திருந்தன. இழைத்து எடுக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கம்பத்தைக் கழற்றுவதில் கடைசிக் கஷ்டம். மழையில் ஆப்புகள் ஊறிப் பருத்துவிட்டன, வரவே இல்லை. ஒன்றை உளி வைத்து உடைத்துத்தான் எடுத்தேன். புது ஆப்புகளின் தலையில் துளை போட்டுக் கயிற்று வளையம் கட்டியிருக்கிறேன், இனிக் கடப்பாரையைக் கோர்த்து நெம்பினால் வந்துவிடும். மொத்தச் செலவு 140 டாலருக்குள், அதில் துணியும் குழாயும்தான் பெரியது.

கம்பம் இப்போது கொட்டகை இறவாணத்தின் கீழே மூன்று தாங்கியில் படுத்திருக்கிறது, தரையைத் தொடவில்லை. நாடாவும் குச்சிகளும் ஒரு தகர டப்பாவில். அலுவலகக் கோப்பில் இரண்டு பக்கக் குறிப்பு வைத்திருக்கிறேன்: குழியின் இடம், கொட்டகையின் வடகிழக்கு மூலையிலிருந்து 61 அடி, பெரிய ஓக் மரத்திலிருந்து 38 அடி, இரண்டு டேப்பும் சந்திக்கிற இரண்டு இடத்தில் மைதானத்துப் பக்கம் இருப்பது. சைக்கிள் சக்கரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். யாருக்காவது அந்த யோசனை மறுபடி வரத்தான் செய்யும்.

மூடி இன்றைக்குப் புல்தரைக்குக் கால் அங்குலம் கீழே இருக்கிறது. நான் விட்ட அரை அடிக்குப் பனி என்ன செய்கிறது என்று வருகிற ஏப்ரலில் ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். புல் வெட்டும் மெஷினை எடுப்பதற்கு முன்னால்.